பவரொட்டியின் ஒன்பது ‘ஹை சி’

கேள்வி: இத்தாலியின் ஓபரா (இசைநாடக) பாடகர் பவரொட்டிக்கு ‘ஹை சி மன்னர்’ என்ற பட்டம் எந்தப் பாட்டால் வந்தது?

பதில்: இசையமைப்பாளர் டோனிசெட்டியின் ‘படைப்பிரிவின் மகள்’ ஓபராவில் நாயகன் டோனியோ பாடும் ‘ஆ, மெ ஸாமி’ பாட்டால். ஹை சி என்பது டெனர் எனப்படும் உயர்ந்த ஆண்குரலின் உச்சியில் வரும் ‘சி’ ஸ்வரம். இந்தப் பாட்டில் அது ஒன்பது முறை வரும் என்பார்கள். டோனிசெட்டி எழுதியது எட்டுதான். கடைசியில் வரும் ஒன்றைப் பாடகர்கள் வழக்கமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே மூச்சுவாங்க அவகாசம் குறைவு என்பதுதான் சிக்கல். 1966-இல் லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் பாடகி ஜோன் சதர்லாந்துடன் இதைப் பாடினார். 1972 பிப்ரவரி 17 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் பாடியபோது, ரசிகர்கள் 17 முறை அவரைத் திரைக்கு முன்னால் வரவழைத்தார்கள்.

கேள்வி: அந்த உயரத்தில் குரல் உடையாமல் இருந்தது எப்படி? பிறவி வரமா?

பதில்: சாரீரம் பிறவியில் வந்தது; உச்சி பயிற்சியில் வந்தது. டெனர் குரலில் ‘எஃப்’ (ஃபா), ‘எஃப் ஷார்ப்’ ஸ்வரங்களை ஒட்டி, கீழ்க்குரல் மேல்குரலாக மாறும் ‘பஸ்ஸாஜ்ஜோ’ என்ற திருப்பம் உண்டு. கீழே பாடிய அதே அகலமான ‘ஆ’வோடு அதைத் தாண்டினால் குரல்வளை மேலே ஏறும், தொண்டை இறுகும், பாட்டு கத்தலாகிவிடும், கொஞ்சம் தவறினால் குரல் பிசிறிப்போகும். அதனால் திருப்பத்துக்கு வரும்போதே ‘ஆ’வை ‘ஓ’ பக்கம் லேசாகக் குவித்து, குரல்வளையை உயர விடாமல் பாட வேண்டும். இத்தாலியர்கள் இதை ‘மூடிய’ ஒலி என்பார்கள். அளவுக்கு மீறி மூடினால் ஒலி மங்கி ஆர்கெஸ்ட்ராவுக்குள் அமுங்கிவிடும். ஓபரா அரங்கில் கைகொடுக்க மைக் கிடையாது.

மோடெனாவில் அர்ரிகோ போலாவிடமும், பிறகு மாந்துவாவில் எத்தோரே காம்போகல்லியானியிடமும் அடித்தளம் அமைந்தது. 1961-இல் ரெஜ்ஜோ எமிலியாவில் ‘லா போயெம்’ ஓபராவின் ரொடோல்ஃபோவாக அரங்கேறினார். ஆனால் மூச்சை வயிற்றிலிருந்து தாங்கும் வித்தை முழுதாகக் கைவந்தது 1965 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில்தான். சதர்லாந்தின் விலா எலும்புக்குக் கீழே கைவைத்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். புகழின் உச்சியில் இருந்த சக பாடகியிடம் கூச்சமில்லாமல் கற்றதுதான், என் கணக்கில், அவருடைய பெரிய கெட்டிக்காரத்தனம்.

கேள்வி: 1990 உலகக் கோப்பை சமயத்தில் பிரபலமான ‘நெஸ்ஸுன் டோர்மா’ பாட்டிலும் ஹை சி வருகிறதா?

பதில்: இல்லை. அதன் உச்சம் ‘பி’. அரை ஸ்வரம் கீழே. பாட்டை இயற்றிய புச்சினி அந்த ‘பி’யைக் குட்டி ஸ்வரமாகத்தான் எழுதினார். நீட்டிப் பாடுவது டெனர்களின் பழக்கம்.

கேள்வி: 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் அவர் நேரடியாகப் பாடவில்லையாமே?

பதில்: உண்மைதான். முன்பே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்தார். கடும் குளிர், உடம்பும் சரியில்லை. ஆர்கெஸ்ட்ராவும் வாசிப்பதுபோல் பாவனைதான் செய்தது.

கேள்வி: அவருடைய கடைசி ஓபரா எது?

பதில்: ‘டோஸ்கா’. 2004 மார்ச், மெட்ரோபாலிட்டன்.