சூரை மேல் ஏன் பழி?

கேள்வி: நண்பர்களோடு ஃபைபர் படகில் போய், ராடு-ரீல் போட்டு 6 கிலோ சூரை ஒன்று பிடித்தோம். மெல்லிய நூல், முக்கால் மணி நேரம் போராடித்தான் ஏற்றினோம். ஐஸ் பெட்டி முழுக்கத் தண்ணீர் பாட்டில் இருந்ததால் மீனை ஈரச் சாக்கு போட்டு மூடிக் கொண்டுவந்தோம். காலையில் பிடித்தது, கரை சேர மாலையாகிவிட்டது. நாற்றம் துளியும் இல்லை. இரவு குழம்பு சாப்பிட்ட அரை மணியில் எனக்கும் மைத்துனருக்கும் முகம் சிவந்து, தலைவலி, உடம்பெல்லாம் அரிப்பு. அதே சட்டியில் சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. “சூரை சூடு, வஞ்சிரம் மட்டும் தின்னு” என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். சின்ன வயதிலிருந்து சாப்பிட்ட மீனை விட வேண்டியதுதானா? மீதித் துண்டுகள் ஃப்ரீசரில் உள்ளன.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: முதலில் அந்தத் துண்டுகளை எடுத்துக் குழிதோண்டிப் புதையுங்கள். நாய்க்கும் பூனைக்கும்கூட வைக்க வேண்டாம்.

உங்களுக்கும் மைத்துனருக்கும் ரத்த உறவு இல்லை. காலமெல்லாம் சூரை தின்ற உங்களுக்கும் அவருக்கும் ஒரே இரவில், ஒரே சட்டியிலிருந்து ஒவ்வாமை வருவது நடக்கிற காரியமா? நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் அத்தனையும் ஹிஸ்டமின் நஞ்சுக்கு உரியவை. சூரை, அதன் பெரிய இனமான கேரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி, சாளை ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. மீன் செத்ததும் அதன் செவுளிலும் குடலிலும் இருக்கிற பாக்டீரியாக்கள் சதைக்குள் இறங்கி அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. நம் கடற்கரை வெயில் அவற்றுக்கு மிகத் தோதானது.

இந்த ஹிஸ்டமின் கொதித்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. மஞ்சளும் கல் உப்பும் போட்டு எத்தனை முறை அலசினாலும் கவிச்சிதான் குறையும். நாற்றம் வருவதற்கு முன்பே அளவு ஏறிவிடும் என்பதால் மூக்கை நம்பிப் பயனில்லை. மீன் முழுக்க ஒரே அளவில் சேர்வதும் இல்லை. அதனால்தான் ஒரு துண்டு ஆளைப் படுக்க வைக்கிறது, பக்கத்துத் துண்டு ஒன்றும் செய்வதில்லை. வாயில் மிளகு கடித்த மாதிரி எரிச்சல் தெரிந்தால் அங்கேயே துப்பிவிடுங்கள். பெரும்பாலும் ஒரு நாளைக்குள் தானாகத் தணியும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உண்மையான மீன் ஒவ்வாமையும் உண்டு. அது இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் தின்று பார்த்துச் சோதிக்காதீர்கள்.

பெரியவர் சொன்ன ‘சூடு’ ஒரு விதத்தில் உண்மை. சூரை இனத்து மீன்கள் சுற்றியுள்ள கடல்நீரைவிடத் தங்கள் சதையைச் சூடாக வைத்திருப்பவை. தூண்டிலில் மாட்டிப் போராடும்போது அந்தச் சூடு இன்னும் ஏறுகிறது, சதையில் அமிலம் சேர்கிறது. அப்படிச் செத்த பெரிய கேரையின் சதை வெளிறி, குழைந்து, புளிப்புத் தட்டும். ஆனால் சாக்குக்குள் அதே நேரம் கிடந்தால் வஞ்சிரமும் இதே வேலையைச் செய்யும். பழி சூரை மேல் இல்லை. மீனைப் பிடிக்க எல்லாம் எடுத்துப் போன நீங்கள், அதைச் சாப்பிடும்படி கெடாமல் வைத்திருக்க ஒன்றுமே எடுத்துப் போகவில்லை.

மெல்லிய நூலில் முக்கால் மணி நேரம் ஆட்டம் காட்டுவது விளையாட்டுக்குச் சரி. சமைக்கப் போகிற மீனுக்கு அது ஆகாது. 20 கிலோ தாங்கும் நூலைப் போட்டு, ரீலின் டிராகை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிடி) 5 முதல் 6 கிலோ இழுவைக்கு வையுங்கள். கைக்கணக்கு வேண்டாம், நூல் நுனியைத் தொங்கு தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தே திருகுங்கள். வஞ்சிரம் வரும் இடமென்றால் தூண்டிலுக்கு மேல் ஒரு சாண் கம்பி அவசியம், இல்லாவிட்டால் பல்லால் அறுத்துக்கொண்டு போய்விடும். மீனைப் படகில் தூக்கும் கொக்கிக் கழியை அதன் தலையில் போடுங்கள். வயிற்றில் குத்தினால் குடல் கிழிந்து, நாம் எதற்குப் பயப்படுகிறோமோ அதை நாமே சதைக்குள் ஏற்றியதாகும்.

ஏற்றிய மீனைத் தளத்தில் துள்ள விடாதீர்கள். ஈரத் துணியால் கண்ணை மூடினால் அடங்கும். கட்டையால் தலையில் ஓர் அடி, பிறகு கண்களுக்குச் சற்றுப் பின்னால் நடுத்தலையில் கூர்முனையை இறக்கி மூளையைக் குத்துங்கள். உடல் ஒருமுறை விறைத்து நடுங்கித் தளர்ந்தால் சரியாகக் குத்தியிருக்கிறீர்கள். அடுத்து ரத்தம். பக்கச் சிறகின் அடியிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி, இரு பக்கமும் ஓர் அங்குல ஆழத்துக்குள் குறுக்கே சின்னதாக ஒரு வெட்டு. அங்கே ரத்தக்குழாய் தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. செவுளுக்குப் பின்னால் உள்ள சவ்வையும் அறுங்கள். தலைகீழாகக் கடல்நீரில் 5 முதல் 10 நிமிடம் பிடித்தால் ரத்தம் வடிந்துவிடும். பிறகு செவுளையும் குடலையும் முழுதாக எடுத்து, உள்ளறையைக் கடல்நீரில் கழுவுங்கள். குடலைப் பாதி அறுத்து விட்டுவிடுவது, அறுக்காமலே விடுவதைவிட மோசம்.

ஐஸ் கணக்குக்கு வருவோம். 30 டிகிரியில் இருக்கும் 6 கிலோ மீனைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர மட்டும் ஏறக்குறைய 2 கிலோ ஐஸ் உருக வேண்டும். கூட ஊற்றும் 6 லிட்டர் கடல்நீரைக் குளிர்விக்க இன்னொரு 2 கிலோவுக்குச் சற்று மேல். பெட்டிச் சுவர் வழியாகவும், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் போவது தனி. ஆகவே இப்படி ஒரு மீனுக்கே 12 கிலோ உடைத்த ஐஸ் வேண்டும். இரண்டு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கடல்நீர் ஊற்றிக் கலக்கிய கூழில் மீன் முழுதாக மூழ்கட்டும். வெறும் ஐஸ் துண்டுகளுக்கு நடுவே காற்று நிற்கிறது. கூழ் தோலெல்லாம் ஒட்டிக்கொண்டு வேகமாகக் குளிர்விக்கும். குடலெடுத்த வயிற்றுக்குள்ளும் ஐஸை அடையுங்கள். தடிமன் இரண்டு மடங்கானால் நடுச்சதை குளிர ஏறத்தாழ நான்கு மடங்கு நேரமாகும் என்பதால், 20 கிலோ கேரைக்கு இந்தக் கணக்கு பத்தாது. 28.3 டிகிரிக்கு மேற்பட்ட காற்றிலோ நீரிலோ இருந்த மீன், செத்து 6 மணி நேரத்துக்குள் ஐஸுக்குள் போயாக வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டல். அது கடைசி எல்லை. அதுவரை காத்திருக்கலாம் என்று படிக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலுக்கு வேறு பெட்டி எடுத்துப் போங்கள்.

லட்சத்தீவின் மினிக்காயில் கழித்தூண்டிலில் வரிச்சூரை பிடிப்பதைப் பாருங்கள். உயிர் இரையை வீசி மீனைக் கூட்டமாக வரவழைத்து, எதிர்முள் (மாட்டிய மீன் நழுவாமல் தடுக்கும் சிறு கூர்) இல்லாத தூண்டிலில் ஒவ்வொன்றாக வீசித் தூக்குகிறார்கள். மாட்டிய மீன் சில நொடிகளில் படகில் கிடக்கும். அந்த மீனை வேகவைத்து, புகையூட்டி, காயவைத்துச் செய்வதுதான் மாசி. சூரை எவ்வளவு அருமையான மீன் என்பதற்கு வேறு சாட்சி தேடவே வேண்டாம்.

வீட்டில் துண்டு போட்டதும் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். உறைந்ததைச் சமையல் மேடையில் உருக விடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டிலேயே உருக விடுங்கள். உறைநிலையில் ஓய்ந்திருந்த வேலை சூடு கிடைத்ததும் மறுபடி தொடங்கும். நடுவில் ஓடும் கருஞ்சதை பிடிக்காதவர்கள் அதைத் தனியாக அறுத்து எடுத்துவிடலாம். புளி கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு துண்டுகளைப் போட்டு, வெந்ததும் இறக்கிவிட வேண்டும். சூரை அதிகம் வெந்தால் நார்தான் மிஞ்சும்.

ஐஸ் தீர்ந்தபின் மாட்டும் மீனைப் படகில் ஏற்றாதீர்கள். எதிர்முள் மழுங்கடித்த ஒற்றைத் தூண்டில் போட்டிருந்தால், மீன் தண்ணீரில் இருக்கும்போதே இடுக்கியால் திருப்பிக் கழற்றிவிடலாம். தலை முன்னோக்கி இருக்கப் படகை மெல்ல ஓட்டினால் செவுளில் நீர் பாயும். வால் தானாக உதைக்கத் தொடங்கியதும் கையை எடுங்கள்.