அமரநாயக்கர்கள் தங்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்களா?

இல்லை. விஜயநகரத்தில் அமரமாக, அதாவது படை வைத்துத் தருவதற்காகக் கொடுத்த நிலம் ராயருடையது, அதாவது பேரரசருடையது. படை வைத்துக் கொடுக்கும் வரைதான் அதன் வருவாய் நாயக்கருக்கு. நீங்களும் போட்டித் தேர்வுக்குத்தான் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேறு யாருக்கும் இந்தச் சந்தேகம் வராது.

நான் படித்த பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்விலும் இதே கேள்வி வந்தது. விடைக்குறிப்பில் ‘பரம்பரைச் சொத்து’ என்று போட்டிருந்தார்கள். நான் விடவில்லை. நூனிஸ் எழுதிய குறிப்பை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனேன். 1530களில் விஜயநகரத்தில் இருந்த போர்த்துகீசியக் குதிரை வியாபாரி அவர். யார் எத்தனை குதிரை வைக்க வேண்டும் என்பது குதிரை விற்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

நாகப்பட்டினம், தஞ்சாவூர் உள்ளிட்ட சோழமண்டலக் கரையை வைத்திருந்த ஒரு தலைவரைப் பற்றி அதில் வருகிறது. வருவாய் 11 லட்சம் பொன் பர்தாவ், அதாவது வராகன். மூன்றில் ஒரு பங்கு ராயருக்கு. மீதியில் 30,000 காலாட்கள், 3,000 குதிரைகள், 30 யானைகளைப் பராமரிக்க வேண்டும். ஆனால் அந்த மனிதர் ஒருபோதும் முழுப் படையை வைத்திருந்ததில்லையாம். மிச்சம் பிடித்தே பெரும் பணம் சேர்த்துவிட்டார். ராயரும் சும்மா இல்லை, நினைத்தபோது இவர்களிடமிருந்து பறித்துக்கொள்வார் என்கிறார் நூனிஸ். மகனுக்கே மறுபடி கொடுத்தாலும் அது ராயர் தயவுதானே?

ஆசிரியர் வாசித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, ஆராய்ச்சியெல்லாம் பாஸான பிறகு வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். மதிப்பெண் வரவில்லை.

மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் தலைமுறை தலைமுறையாக ஆளவில்லையா என்று யாராவது கிளம்புவீர்கள். ஆண்டார்கள். 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்றபின் ராயரின் பிடி தளர்ந்ததும் அதற்கு ஒரு காரணம். நான் சொல்வது அதற்கு முந்தைய கிருஷ்ணதேவராயர், அச்சுதராயர் காலம். பாளையக்காரர்கள் இன்னும் ஒரு படி கீழே, மதுரை நாயக்கருக்குப் படை கொடுத்தவர்கள். இந்த அமரநாயக்க முறை ஐரோப்பிய நிலமானிய முறை போன்றதா என்பதில் வரலாற்றாசிரியர்கள் பர்ட்டன் ஸ்டெயினும் கராஷிமாவுமே ஒத்துப்போகவில்லை. எனக்கு அந்த வம்பு வேண்டாம். எந்தச் சாதியையும் குறைத்துச் சொல்லவில்லை, பின்னூட்டத்தில் கொடி பிடிக்க வராதீர்கள்.

அந்த மையத்தில் ஆங்கிலவழி மாணவர்களுக்கு அட்டை போட்ட புத்தகம். தமிழ்வழிக்கு மை மங்கிய ஜெராக்ஸ், அதுவும் பாடம் முடிந்த பிறகு. கட்டணம் மட்டும் ஒன்றே. கேட்டால், மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். வகுப்பில் பாதிக்கு மேல் நாங்கள்தான்.