கோட்டை மானும் கனடா மானும்

நவம்பர் வந்தால் மான் கேள்விகளும் வந்துவிடும். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் துவக்கோடு நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்ததும் இங்கே திருகோணமலையில் சந்தேகம் தொடங்கும். இம்முறை அப்படி வந்தவற்றில் சில.

ஐயா, ஒன்டாரியோவில் அண்ணா கொம்புள்ள மானைச் சுடலாமாம், பெண் மானைச் சுடத் தனி அனுமதி வேண்டுமாம். கடாக்கள் பாவமில்லையா? (உவர்மலை)

அண்ணா சொன்னது சரி. அங்கே பெண் மானுக்கான அனுமதி அட்டை பல இடங்களில் குலுக்கலில்தான் கிடைக்கும். ஒரு கடா பல பெண் மான்களோடு சேரும். அதனால் கடாக்கள் கொஞ்சம் குறைந்தாலும் அடுத்த வருடக் குட்டிகள் அவ்வளவு குறையாது. ஒரு பெண் மானைச் சுட்டால் அதன் குட்டிகளும் போயின. அங்குள்ள வெள்ளைவால் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும்.

ஆனால் காலமெல்லாம் கடாவையே சுட்டுக்கொண்டிருந்தால் வேறு வில்லங்கம். பெண் மான்கள் பெருகும், கடாக்களில் விடலைகள்தான் மிஞ்சும். முதல் பருவத்தில் சேராத பெண் மான் ஏறக்குறைய 28 நாள் கழித்துத்தான் மறுபடி பருவத்துக்கு வரும். அதன் குட்டி பிந்திப் பிறந்து, சிறிய உடம்போடு பனிக்காலத்துக்குள் போகும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சுடப்பட்ட கடாக்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் ஒன்றரை வயதுதான். அதனால் 2002இல் ஒரு பக்கக் கொம்பில் இத்தனை கிளை இருந்தால்தான் சுடலாம் என்று விதி போட்டார்கள்; பெரும்பாலான இடங்களில் மூன்று, மேற்கே நான்கு. பெண் மான்களுக்கான அனுமதியையும் கூட்டினார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம். பெண் மான்களைக் குறைக்காமல் கடாவை மட்டும் காப்பாற்றினால் கணக்கு நேராகாது.

அப்படியென்றால் வேட்டைக் காலத்தைத் தள்ளி வைத்தால் போதாதா? (நிலாவெளி)

ஓரளவுக்கு உதவும். இணைசேரும் உச்சத்தில் கடா பயத்தை மறந்து, பெண் மானைத் துரத்திப் பட்டப்பகலில் வெளியே வரும். அந்த வாரத்தில் துவக்கைத் திறந்துவிட்டால் கடாக்கள்தான் கூடுதலாக விழும். உச்சம் கழிந்த பிறகு திறந்தால் கொஞ்சம் தப்பும். மிகவும் பிந்தினாலும் ஆபத்து: பனிக்காலத்தில் கொம்பு உதிர்ந்துவிடும், மொட்டைத் தலைக் கடாவைப் பெண் மான் என்று சுட்டுவிடுவார்கள். ஆறு மாதக் கடாக்குட்டியும் அப்படித்தான் ஏமாற்றும். கூர்ந்து பார்த்தால் அதன் நெற்றிமேடு தட்டையாக, மயிருக்குள் இரண்டு புடைப்போடு இருக்கும். பெண் மானின் உச்சி வளைந்திருக்கும். தூரத்தில், மங்கல் வெளிச்சத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்!

நம்மூர்ப் பிரட்ரிக் கோட்டையிலும் புள்ளிமான் கடாக்கள் சண்டை போடுகின்றன. இங்கும் ஒரு காலம் வைத்துக் குறைத்தால் என்ன? (திருக்கடலூர்)

முடியாது. இலங்கையில் புள்ளிமானுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வேட்டைக் காலம் என்ற பேச்சே இல்லை. சட்டத்தை விட்டாலும் இயற்கை இடம்கொடுக்காது. வெள்ளைவால் மான்களுக்குக் கொம்பு முளைப்பதும் உதிர்வதும் ஏறக்குறைய ஒரே பருவத்தில். புள்ளிமானுக்கு ஒவ்வொரு கடாவுக்கும் ஒவ்வொரு கணக்கு. சென்ற கிழமை கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் நின்று பார்த்தேன். ஒரு கடா வெல்வெட் போன்ற மெல்லிய தோல் மூடிய கொம்போடு வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒன்று முற்றிய மூன்று கிளைக் கொம்போடு. இன்னொன்றுக்குக் கொம்பே இல்லை, இரண்டு தழும்பு மட்டும். இதில் எந்த மாதத்தை வேட்டைக் காலம் என்பது?

மூதூர்ப் பக்கம் மரை மான் இறைச்சி வத்தல் விற்கிறார்கள். வாங்கலாமா? (சாம்பல்தீவு)

வேண்டாம். விற்பது குற்றம், வாங்கினால் நீங்களும் மாட்டுவீர்கள். கட்டுத்துவக்கு, அதாவது கம்பியில் கால் பட்டதும் தானாக வெடிக்கும் துவக்கு, வைத்துப் பிடித்த இறைச்சியாகவும் இருக்கலாம். அதில் கால் வைத்த மனிதர்களும் இருக்கிறார்கள்.

கடற்கரையில் மான்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா? (பெயரில்லை)

கொடுக்காமல் இருப்பது நல்லது. கொடுத்தே தீருவேன் என்றால் பொலித்தீன் பையை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். சோற்றுப் பருக்கையும் உப்பும் ஒட்டிய பையை மான் அப்படியே விழுங்கிவிடும். வயிற்றில் அது செரிக்காது, வெளியேயும் போகாது. வயிறு நிறைந்ததுபோல இருப்பதால் மேய்வதையும் விட்டுவிடும். செத்த மான்களின் வயிற்றிலிருந்து பந்து பந்தாக எடுத்திருக்கிறார்கள்.