வயலில் இறங்கும் காட்டுத் தாராக்களைக் கொல்லலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தின் தென்மராட்சியில் குளத்தை ஒட்டி எனக்கு இருபது பரப்பு வயற்காணி உண்டு. காலபோகத்தில், அதாவது மாரிமழைப் பயிர்க்காலத்தில், மழைநீர் தேங்கியதும் காட்டுத் தாராக்கள் இரவில் கூட்டமாக இறங்கி முளைகளைத் தின்றுவிடுகின்றன. நஞ்சு கலந்த நெல்லை வரம்போரம் வைக்கும்படி அயல்வயற்காரர் சொல்கிறார். என் காணிக்குள் அப்படிச் செய்ய எனக்கு உரிமை உண்டா?

பதில்: இல்லை. காணி உங்களுடையதாயினும் அதில் இறங்கும் காட்டுப் பறவை உங்களுடையதாகிவிடாது. இலங்கையின் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம், அட்டவணையில் விலக்கப்பட்ட சில இனங்கள் தவிர்ந்த எல்லாப் பறவைகளையும் நாடு முழுவதும் பாதுகாக்கிறது. அவற்றைக் கொல்வதும் காயப்படுத்துவதும் பிடிப்பதும், முட்டைகளை எடுப்பதும் ஒருவரின் சொந்த உறுதிக்காணிக்குள் நடந்தாலும் குற்றமே. உங்கள் தாராக்கள் அந்த விலக்குக்குள் அடங்கும் என்று எண்ணி எதிலும் இறங்க வேண்டாம்.

நஞ்சு வைக்கும் யோசனையை இன்றே கைவிடுமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன். அந்த நெல்லை மாடும் கோழியும் தின்னும். மழை பெய்தால் நஞ்சு குளத்துக்கும் அயற்கிணறுகளுக்கும் போகும். வரம்பில் மின்கம்பி இழுப்பது அதிலும் கொடியது. இருட்டில் தண்ணீர் கட்ட வந்த ஒருவர் அதில் இறந்தால், கவனயீனத்தால் மரணம் விளைவித்ததாகத் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின்கீழ் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

ஆனால் பயிரைக் காப்பது வேறு, பறவையைத் துன்புறுத்துவது வேறு. பிடிக்கும் நோக்கமோ காயப்படுத்தும் நோக்கமோ இன்றி, காவலிருந்து தகரம் தட்டி விரட்டுவதும், மினுங்கும் நாடாக்களை வயலுக்குக் குறுக்கே கட்டுவதும், முளை வேரூன்றும் வரை தேங்கிய நீரை வடிய விடுவதும் உங்கள் உரிமைக்குள் அடங்குபவை. நீர் நின்றால்தான் தாரா விரும்பி இறங்கும் என்பதால், இவற்றில் கடைசி வழியே பெரும்பாலும் கைகொடுக்கும். நாற்றுமேடையை வலையால் மூடுவதானால் இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்த வலையில் பறவை சிக்கி இறந்தால், அது பிடிக்க விரித்த வலையல்ல என்று நீதவான் நீதிமன்றத்தில் விளக்க நேரிடும். இரவு முழுவதும் வெடி கொளுத்தினால், அயலவர்கள் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின்கீழ் பொதுத்தொல்லை என முறையிட இடமுண்டு.

சேதமடைந்த பரப்பைத் திகதியுடன் படமெடுத்து, கமக்காரர் அமைப்பின் ஊடாகக் கமநல சேவை நிலையத்துக்கும், நேரடியாக வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் எழுத்தில் முறையிட்டுப் பிரதியொன்றை வைத்திருங்கள். பின்னர் எவரேனும் உங்கள்மீது குற்றஞ்சாட்டினால், நீங்கள் சட்டவழியில் நடந்தீர்கள் என்பதற்கு அந்தப் பிரதியே சான்றாகும்.