கல்யாணப் பெண்ணின் தோழிகள் கூடும் பார்ட்டியில், முன்பின் தெரியாதவர்களைப் பேசவைக்க என்ன கேள்வி விளையாட்டு வைக்கலாம்?

நாகர்கோவிலில் வீட்டு மாடியில் வைக்கப் போகிறோம், மொத்தம் 14 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரித் தோழிகள், சென்னை ஆபீஸ் தோழிகள், சித்தி பெரியம்மா மக்கள் என்று மூன்று கூட்டம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரே ஆள் கல்யாணப் பெண்தான். அதனாலேயே அவளைப் பற்றிய வினாடி வினாவில் ஆரம்பிக்கத் தோன்றும். ஆரம்பிக்காதீர்கள். கல்லூரி ஹாஸ்டல் கதை கேள்வியாக வந்தால் ஐந்து பேர் சிரிப்பார்கள், மீதி ஒன்பது பேர் போனை எடுப்பார்கள். அதற்கான இடம் கடைசியில்.

'இதெல்லாம் நம்ம பழக்கமா' என்று கேட்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நலங்கில் தேங்காய் உருட்டுவதும் அப்பளம் உடைப்பதும் விளையாட்டுத்தான். காய் நறுக்கக் கூடிய பெண்கள் அழிப்பாங்கதை (விடுகதை) போட்டுச் சிரித்ததும் விளையாட்டுத்தான். பார்ட்டி என்ற பெயர்தான் புதிது. எல்லாரும் கட்டாயம் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வைக்கிறவர்கள் ஒழுங்காக வைக்கட்டும்.

முதலில் பக்கம் மாறும் விளையாட்டு. மாடியின் ஒரு சுவர் 'இது', எதிர்ச் சுவர் 'அது'. ரசவடையா பழ பஜ்ஜியா, முட்டம் கடற்கரையா சொத்தவிளைக் கடற்கரையா, விடியக்காலம் எழும்புவதா ராத்திரி முழித்திருப்பதா என்று எட்டுக் கேள்வி. பத்து எண்ணுவதற்குள் பக்கம் மாற வேண்டும், பக்கத்துக்கு ஒருவர் ஒரு வரியில் காரணம் சொல்ல வேண்டும். சென்னைக்காரர்களுக்குச் சொத்தவிளை தெரியாது, ஆகவே ஊர்க் கேள்வி நான்கு, பொதுக் கேள்வி நான்கு. 13 பேர் ஒரு பக்கமும் ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கமும் நின்றால் அந்தக் கேள்வி தப்பு, உடனே அடுத்ததுக்குப் போய்விடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசிக் காட்ட வேண்டியதில்லை, பஸ் பிந்தி வருகிறவர்களும் நடுவில் சேர்ந்துகொள்ளலாம். முதலில் வைக்கச் சொல்வது அதனால்தான். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

அடுத்தது, குமரி மாவட்டத்தில் வைத்தால் நான் விடவே மாட்டேன் என்கிற ஒன்று: வீட்டுச் சொல். ஒரு பொருளின் படத்தைக் காட்டி, 'உங்க வீட்டுல இதுக்கு என்ன பேரு?' என்று கேட்க வேண்டும். எல்லாரும் சீட்டில் எழுதி, மூன்று எண்ணியதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். கிழங்குப் படத்துக்கு ஒருத்தி மரச்சீனி, ஒருத்தி மரவள்ளி, ஒருத்தி கப்பை, சேலத்துப் பெண் இருந்தால் குச்சிக்கிழங்கு. முந்திரிப் பருப்பின் படத்துக்குக் கொல்லாங்கொட்டை வரும், அண்டி வரும். அண்ணன் மனைவியை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றால் அண்ணி, மதினி, மைனி. ஆறு கேள்வி போதும். வாயால் சொல்ல விடக்கூடாது. முதல் ஆள் 'முந்திரி' என்றதும், 'கொல்லாங்கொட்டை' என்று சொல்ல இருந்தவள் வெட்கப்பட்டு மாற்றிவிடுவாள். எழுதிவிட்டால் மாற்ற முடியாது.

இந்த இடத்தில் யாராவது 'இது தமிழா மலையாளமா' என்று கேலி செய்தால் நடத்துகிறவர் அங்கேயே நிறுத்த வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, இன்றைக்குத் தமிழ்நாடு என்கிற அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மொழிக்காகப் போராடிச் சேர்ந்த மாவட்டம் இது. வேலைக்காகச் சென்னைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்றைக்கும் 'மலையாளியா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சக்கை என்றால் பலாப்பழம் என்று தெரிந்துகொள்ள ஒரு நொடி போதும், கேலி எதற்கு? கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறேன் என்று தோன்றினால் மன்னிக்கவும்.

மூன்றாவது, இரண்டு உண்மை ஒரு பொய்: ஆளுக்குத் தன்னைப் பற்றி மூன்று வரி, அதில் எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். 14 பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஆளுக்கு இரண்டரை நிமிடம் வைத்தாலும் 35 நிமிடம் ஆகும், எட்டாவது ஆளோடு சுவாரசியம் போய்விடும். 5, 5, 4 என்று பிரியுங்கள், ஒவ்வொரு குழுவிலும் மூன்று கூட்டமும் கலந்திருக்கட்டும். அடையாளத்துக்குக் கலர் வளையல் நல்ல யோசனை போலத் தெரியும். ஆனால் 2.4 கைக்கு 2.8 வளையல் கழன்று விழும், 2.8 கைக்கு 2.4 ஏறவே ஏறாது. ஆளுக்கு ஒரு முழம் கலர் ரிப்பன் போதும், வந்ததும் மணிக்கட்டில் கட்டிவிடலாம். மூன்று நிமிடம் கொடுத்து எழுதவையுங்கள். யோசிக்க நேரம் கொடுக்காவிட்டால் 'எனக்குப் பூனை பிடிக்கும்' என்றுதான் வரும். மாதிரிக்கு ஒரு சீட்டு: 'மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பாதி நடந்து திரும்பிவிட்டேன். முந்திரிக்கொத்து செய்யத் தெரியும். பத்தாம் வகுப்பில் மலையாளம் படித்தேன்.' 115 அடி உயரப் பாலத்தில் பாதியில் திரும்புவது நம்பும்படியாக இருக்கிறது, பொய்யாகவும் இருக்கலாம். அந்த அளவு இருந்தால் பேச்சு தானாக வளரும்.

'நான் ஒருநாளும் செய்ததில்லை' விளையாட்டுக்கு ஆளுக்குப் பத்துப் புளியமுத்து (புளியங்கொட்டை), மொத்தம் 140. ஒருத்தி தான் செய்யாத ஒன்றைச் சொல்ல, அதைச் செய்தவர்கள் ஒரு முத்தைக் கிண்ணத்தில் போட வேண்டும். இணையப் பட்டியல்களில் இதற்கு ஒரு மடக்குக் குடி என்று போட்டிருப்பார்கள், அது இல்லாமலே நன்றாக நடக்கும். மாப்பிள்ளையின் தங்கையோ மைனியோ வந்திருந்தால் இதைத் தூக்கிவிடுங்கள். இங்கே விழுகிற ஒவ்வொரு முத்தும் நாளைக்கு அந்த வீட்டில் கதையாகும்.

கடைசியில் மாப்பிள்ளையின் பதில்கள். நான்கு நாள் முன்னால் அவருக்குப் பத்துக் கேள்வி அனுப்புங்கள். ஒவ்வொரு பதிலும் தனி வீடியோ, 20 நொடிக்குள். பத்தையும் ஒரே வீடியோவாக எடுத்தால் நடுவில் நிறுத்தத் தடுமாறுவீர்கள், அடுத்த பதில் வெளியே வந்துவிடும். 'அவள் கோபப்பட்டால் முதலில் என்ன செய்வாள்?', 'சாயாவா காப்பியா?', 'முதல் தடவை பார்த்தபோது அவள் என்ன கலர் உடுத்தியிருந்தாள்?' மாதிரி, சின்னதாகப் பதில் வருகிற கேள்விகள் வேண்டும். 'அவளிடம் என்ன பிடிக்கும்' என்று கேட்டால் 'எல்லாம்' என்பார், ஆட்டம் அங்கேயே முடிந்தது. பெண் முதலில் பதில் சொல்ல வேண்டும், பிறகு வீடியோ. பதில் தப்பானால் சூயிங்கம் ஒவ்வொன்றாக வாயில் அடைக்கிற வழக்கம் வேண்டவே வேண்டாம், சிரிக்கும்போது தொண்டையில் மாட்டும். தோழிகள் எழுதிப்போட்ட சீட்டில் ஒன்றை எடுத்துச் செய்யட்டும். வீடியோக்களை முந்தின நாளே இறக்கி 1 முதல் 10 வரை பெயர் மாற்றி வையுங்கள். போன் சத்தம் மாடியில் எடுபடாது, சின்ன ஸ்பீக்கர் வேண்டும்.

எல்லாக் கேள்வியையும் முந்தின நாள் பெண்ணிடம் காட்டி, வேண்டாம் என்பதைக் காரணம் கேட்காமல் அடித்துவிடுங்கள். மாப்பிள்ளையின் பதிலை மட்டும் காட்ட வேண்டாம். எத்தனை பவுன், என்ன வண்டி, பழைய காதல், எடை, எப்போது குழந்தை என்பவை விளையாட்டுக்குக்கூட வரக்கூடாது. நம் மாவட்டத்தில் பவுன் கணக்கைக் கல்யாண வீட்டு வாசலிலேயே கேட்கிறவர்கள் உண்டு. ஒரு சாயங்காலமாவது அந்தப் பெண் அதைக் கேட்காமல் இருக்கட்டும்.

எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம், அதன் பிறகு சாப்பாடு. ஆனி ஆடியில் வைப்பதாக இருந்தால் இன்னொன்று: நாகர்கோவில் மாடியில் காற்று பலமாக இருக்கும், நோட்டுப் பேப்பரில் எழுதிய சீட்டு ஒன்றுகூடத் தங்காது. வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணக் கார்டுகளை நான்காக வெட்டி, வெறும் பக்கத்தில் எழுதுங்கள். பேனா 14 பேருக்கு 16 வாங்குங்கள்.