சாரம், ஏணி, பெல்ட்: உயரத்தில் வேலை பார்ப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: மாடி வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். மேஸ்திரி சவுக்குக் கம்பில் சாரம் கட்டி, நிற்பதற்கு ஒரே பலகை போட்டிருக்கிறார். போதுமா?

பதில்: போதாது. வாளியையும் வைத்துக்கொண்டு ஒற்றைப் பலகையில் திரும்பக்கூட முடியாது. மூன்று பலகையாவது நெருக்கமாகப் போட்டு, இரு முனையிலும் கட்டச் சொல்லுங்கள். தாங்கும் கம்பைத் தாண்டிப் பலகை ரொம்ப நீட்டிக்கொண்டிருந்தால், அங்கே கால் வைத்ததும் மறுமுனை தூக்கிவிடும். வெளிப்பக்கம் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பு, முழங்கால் உயரத்தில் ஒரு கம்பு கட்டாயம் வேண்டும். அப்புறம், அடியைப் பாருங்கள். செங்கல் அடுக்கின் மேலோ, புதிதாக மூடிய பள்ளத்தின் மேலோ கம்பு நின்றால் யாரையும் ஏற்றாதீர்கள். சாரத்தை ஜன்னல் கிரில்லில் கட்டக் கூடாது. மழை பெய்து காய்ந்த மறுநாள் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்த பிறகே ஏற வேண்டும்; நார்க்கயிறு நனைந்து காய்ந்தால் தளர்ந்துவிடும்.

கேள்வி: பத்தடி உயரத்தில்தான் வேலை. ஆட்கள் எல்லோருக்கும் தோளிலும் தொடையிலும் மாட்டும் பாதுகாப்பு பெல்ட் கொடுத்துவிட்டேன். இனி பயமில்லைதானே?

பதில்: பயம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பெல்ட்டின் கயிறு பொதுவாக 1.8 மீட்டர். விழும் வேகத்தில், அதிர்ச்சியைத் தாங்குவதற்காகக் கயிற்றோடு இருக்கும் மடிப்புப் பை கிழிந்து, மேலும் 1.75 மீட்டர் வரை நீளலாம். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை சுமார் 1.5 மீட்டர். பாதுகாப்புக்கு இன்னும் ஒரு மீட்டர். ஆக, கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 6 மீட்டர், அதாவது இருபதடி வெற்றிடம் வேண்டும். உங்கள் ஆள் கால் மட்டத்தில் கொக்கியை மாட்டியிருந்தால், பெல்ட் பிடிப்பதற்குள் தரையில் மோதிவிடுவார்.

அதனால் முதலில் விழவே முடியாதபடி தடுப்புக் கம்பி போடுங்கள். அது முடியாத இடத்தில், விளிம்புக்கே போக விடாத அளவுக்குக் கயிற்றைக் குட்டையாக வையுங்கள். தலைக்கு மேலே உறுதியான பீம் இருந்தால், தானே சுருளும் கயிற்றுக் கருவியை அதில் மாட்டலாம். அதற்கும் எவ்வளவு வெற்றிடம் வேண்டும் என்று தயாரிப்பாளர் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பெல்ட்டில் தொங்குபவரை நிமிடக் கணக்கில் இறக்கியாக வேண்டும். தொடைப்பட்டை அழுத்தி ரத்தம் கால்களில் தேங்கினால், அடியே படாதவருக்கும் உயிராபத்து. யார், எந்த ஏணியோடு ஓடிவருவார் என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். ஒருமுறை விழுந்து தாங்கிய பெல்ட்டை வெட்டிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பூம் லிஃப்ட் (நீண்ட கையால் ஆளைக் கூடையில் தூக்கும் வண்டி) கூடையைச் சுற்றித்தான் கம்பி இருக்கிறதே, பெல்ட் எதற்கு?

பதில்: சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால், நீண்ட கையின் நுனியில் இருக்கும் கூடை ஆளை வெளியே வீசிவிடும். குட்டைக் கயிற்றைக் கூடைக்குள் அதற்கென இருக்கும் வளையத்தில் மாட்டுங்கள். பக்கத்துத் தூணில் மாட்டவே கூடாது. கூடை நகர்ந்தால் ஆளைப் பிடித்து இழுத்துவிடும். எட்டவில்லை என்று கம்பி மேல் ஏறி நிற்கவும் வேண்டாம்.

கேள்வி: சக்கரம் வைத்த சாரத்தை எவ்வளவு உயரம் கட்டலாம்?

பதில்: தயாரிப்பாளர் சொன்ன அளவுதான் முடிவு. பொதுவாக வெளியிடத்தில், அடிப்பாகத்தின் குறுகிய பக்கத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போக வேண்டாம். நான்கடி அகலம் என்றால் பன்னிரண்டடி. மேலே ஆள் இருக்கும்போது தள்ளாதீர்கள்.

கேள்வி: ஏணியை எவ்வளவு சாய்க்க வேண்டும்?

பதில்: நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் ஏணியின் கால் சுவரைவிட்டு வெளியே இருக்கட்டும். மொட்டை மாடிக்கு ஏறுவதென்றால் நுனி விளிம்புக்கு மேல் மூன்றடி நீண்டிருக்கட்டும், மேலே கட்டியும் வையுங்கள். மின்கம்பி போகும் பக்கம் அலுமினிய ஏணியைக் கொண்டுபோகவே வேண்டாம்.