ராம் விலை ஏறிக்கொண்டே போகிறதே, பழைய மதர்போர்டு கைகொடுக்குமா?

கேள்வி: புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யலாம் என்று 32 ஜிபி டிடிஆர்5 (புதிய வகை ராம்) விலை விசாரித்தேன். மலைப்பாக இருக்கிறது. அதற்கு முந்தைய டிடிஆர்4 போட்டால் காசு மிச்சமாகுமா? (வாசகர், திருச்சி)

பதில்: புதிதாக வாங்கினால் பெரிதாக மிச்சமாகாது. ராம் சிப் தயாரிப்பில் பெரும்பங்கு சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூவரிடம்தான். ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். 'குரூஷியல்' என்ற பெயரில் கடைகளுக்கு விற்றுவந்ததையே நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. டிடிஆர்4 உற்பத்தியையும் குறைத்ததால் அதன் விலையும் அந்த ஆண்டே ஏறிவிட்டது.

ஏற்கெனவே டிடிஆர்4 போர்டு கையில் இருந்தால் அதை விடாதீர்கள். ஏஎம்டி பிராசஸருக்கான ஏஎம்4 போர்டு என்றால், பயாஸை (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்து ரைசன் 5 5600 பிராசஸரை மாட்டலாம். பழைய ராமே போதும். இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரையிலான டெஸ்க்டாப் பிராசஸர்கள் இரண்டு வகை ராமையும் ஏற்கும். ஆனால் எதைப் போடலாம் என்பது போர்டைப் பொறுத்தது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான் என்றாலும் வெட்டு இருக்கும் இடம் வேறு. அழுத்திச் செருகினால் ஸ்லாட் உடையும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் ராம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், கோவை)

பதில்: முதலில் ஸ்டிக்கர். 'பிசி4-2400டி-யுஏ1' என்பதுபோல் இருக்கும். வேகத்தைக் காட்டும் '2400டி'-க்குப் பின்வரும் சிறு கோட்டை அடுத்து 'யு' என்றால் டெஸ்க்டாப், 'எஸ்' என்றால் லேப்டாப். 'ஆர்' என்றால் சர்வரிலிருந்து கழற்றியது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், சாதாரண போர்டில் கம்ப்யூட்டர் பூட்டே ஆகாது.

வாங்கியதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி நான்கு பாஸ் (சுற்று) முழுதாக ஓடவிடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும், எக்ஸ்எம்பியை (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) அணைத்து, தங்க நிறப் பின்களை ரப்பரால் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டிச் சோதியுங்கள். மறுபடியும் வந்தால் திருப்பிக் கொடுங்கள். சோதிக்க ஒரு வாரமாவது தராத கடையில் வாங்காதீர்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராமையும் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4-இல் மாட்டுங்கள்.

கேள்வி: நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், 8 ஜிபி டிடிஆர்3 வைத்திருக்கிறேன். ராம் கூட்டலாமா? (வாசகர், நெல்லை)

பதில்: இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறதென்றால் முதலில் அதைவிட வேகமான சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். பிறகு 16 ஜிபி வரை கூட்டலாம். ஒரு ஸ்லாட்டில் 8 ஜிபிதான் ஏற்கும். 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று மலிவாக விற்கும் டிடிஆர்3 இன்டெல் போர்டில் வேலை செய்யாது. இந்த பிராசஸரை விண்டோஸ் 11 ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள்.